அக்கரை டவர்

சட்பரி,
ஏப்ரல் 3

அன்புள்ள ஹில்க்கா அக்காவுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் இருமலும் அத்தானின் தோள்வலியும் பனியோடு சேர்ந்து கரைந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். அத்தான் தூக்கி ஏரியில் போடுவதற்கு முன் நீ திற. உள்ளே இரண்டு போன்கள். குளிர்காலப் புயலில் அறுந்த உங்கள் தொலைபேசிக் கம்பியை இனிக் கட்டப் போவதில்லை என்று கம்பெனி எனக்கே கடிதம் போட்டுவிட்டது. ஏரிக்கரையில் ஒரு வீட்டுக்காக அத்தனை கம்பம் நட முடியாதாம். அறுபது வயதுக்கு மேல், ஒருவர் மீன் வலையோடு நடு ஏரியில், ஒருவர் கரையில், நடுவில் ஒரு போன்கூட இல்லாமல். எனக்குத் தூக்கம் வரவில்லை அக்கா.

ஒரு போன் டாமராக் கம்பெனி. மாதக் கட்டணம் குறைவு. அவர்களுடைய வரைபடத்தில் உங்கள் பெப்பிள் கோவ் முழுக்கப் பச்சை அடித்திருக்கிறது. இன்னொன்று லூன்டெல். விலை கூடுதல், ஆனால் ஏரியின் அந்தப் பக்கம் அமெரிக்க டவர்களோடும் ஒப்பந்தம் இருக்கிறதாம். கடைக்காரப் பையனிடம், "எதுப்பா நல்லது?" என்று கேட்டேன். "அங்க போய்ப் பாத்தாத்தான் தெரியும் மேடம்" என்றான். நேர்மையான பையன். அதனால் இரண்டையும் வாங்கிவிட்டேன். எது வேலை செய்கிறது என்று பார்த்துச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். திட்டுவார், பரவாயில்லை.

அன்புடன்,
ஐலா

•

பெப்பிள் கோவ்,
ஏப்ரல் 21

ஐலா கண்ணுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. இருமல் போய்விட்டது. தோள்வலி போகவில்லை, ஆனால் அதைச் சொல்லக்கூடாது என்று உத்தரவு. உன் முழங்காலுக்கு சானா நீராவி அறையின் சூடுதான் மருந்து. நகரத்துக் களிம்பு எதுவும் கேட்காது.

நீ சொன்னபடி சோதனை நடத்தினேன். டாமராக் போனைச் சமையலறை ஜன்னலில், ஜெரேனியம் தொட்டியை ஒட்டி, கொஞ்சம் சாய்த்து வைத்தால் சிக்னல் ஒரு கோடு வருகிறது. கையில் எடுத்தால் போய்விடுகிறது. ஆகவே நான்தான் போனுக்குப் பக்கத்தில் குனிந்து பேச வேண்டும். உன் அத்தான் ரெய்னோ பார்த்துவிட்டு, "என்ன, செடிகிட்ட பாவமன்னிப்பு கேக்கறியா?" என்றார்.

லூன்டெல் எங்குமே வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் இல்லை, மீன் புகையறையில் இல்லை, படகுத்துறையின் முனையில் இல்லை. சானாவின் கூரை மேல் ஏணி போட்டு ஏறினேன். "இறங்குடி! அந்தக் கம்பெனிக்காரன் வந்து உன்னைத் தூக்கிட்டுப் போவானா?" என்று கீழே நின்று கத்தினார்.

டாமராக்கின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். குர்லீன் என்று ஒரு பெண் எடுத்தாள். பிராம்ப்டனில் இருக்கிறாளாம். "எங்க மேப்ல உங்க ஊர் பச்சையா இருக்கே ஆன்ட்டி" என்றாள். "பச்சைதாம்மா, எல்லாம் பைன் மரம்" என்றேன். சிரித்துவிட்டாள். பாட்டுப் போட்டுக் காக்க வைக்காமல் பேசினாள். அதற்கே அந்தக் கம்பெனிக்கு மதிப்பெண் கொடுக்கலாம்.

பனிக்கட்டி உடைந்து நேற்று முதல் படகு இறங்கியது. பொரித்த ட்ரவுட் மீன் சாப்பிடும்போது உன்னை நினைத்தோம்.

அன்புடன்,
ஹில்க்கா

•

சட்பரி,
மே 4

அன்புள்ள அக்கா,

நீ கூரை மேல் ஏறியதைப் படித்து, பஸ் டிப்போவில் எல்லோர் முன்னாலும் சிரித்தேன். தயவுசெய்து இனி ஏறாதே. லூன்டெல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உன் மகள் சாராவிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா? அத்தானைக் கேட்கச் சொல்லவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஐலா

•

பெப்பிள் கோவ்,
மே 20

ஐலா கண்ணுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி?

இங்கே ஒரு கூத்து. இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்த லூன்டெல் போன் போன வாரம் ஒரு காலையில் தானாக ஒலி எழுப்பியது. எடுத்துப் பார்த்தால் கோடுகள் முழுசாக நிற்கின்றன. திரையில், 'அமெரிக்காவுக்கு நல்வரவு' என்று செய்தி. நான் ரொட்டி மாவு கையோடு என் சமையலறையில் நிற்கிறேன். மத்தியானத்துக்குள் சிக்னல் மறைந்துவிட்டது. அப்புறம் பில் வந்தது, வெளிநாட்டுக் கட்டணத்தோடு.

லூன்டெல் கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்டுக் கேட்டு ஜெரேனியமே வாடிவிட்டது. கடைசியில் ஒருவர் வந்தார்.

"மேடம், அன்னிக்கு நீங்க அமெரிக்காவுல இருந்திருக்கீங்க."

"நான் புல்லா ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தேன்."

"அமெரிக்காவுலயா?"

"என் வீட்டுலப்பா!"

"சிஸ்டம் அப்படிக் காட்டலையே."

ரெய்னோ இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பை நான் பல காலமாகக் கேட்கவில்லை. ஆனால் பிறகு துறைக்குப் போய், அக்கரைப் பக்கம் பார்த்தபடி நின்றார். "ஏரி தூக்கியிருக்கும்" என்று மட்டும் சொன்னார். என்ன என்று கேட்டால், வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வலை பழுதுபார்க்கும் வேலை நிறைய இருக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

அன்புடன்,
ஹில்க்கா

•

சட்பரி,
மே 30

அன்புள்ள அக்கா,

நீ சுகம் என்று எழுதியதை நம்புகிறேன். நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

லூன்டெல் மேலதிகாரியிடம் நானே பேசினேன். அவ்வளவு தூரம் தண்ணீரைத் தாண்டி ஒரு டவர் எட்டுவது நடக்காத காரியமாம். 'உங்க அக்கா ஒரு ட்ரிப் அடிச்சிருப்பாங்க, மறந்திருப்பாங்க' என்று தேனொழுகச் சொன்னார். உன்னைத் தெரியாதவர். ரோமிங் என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் அமெரிக்கா உன் சமையலறைக்குள் வராது. எப்படி அணைப்பது என்று தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். உடனே செய்.

என்னைக் கேட்டால், சிக்னலுக்கும் கட்டணத்துக்கும் மரியாதைக்கும் டாமராக் போதும்.

ஐலா

•

பெப்பிள் கோவ்,
ஜூன் 13

என் ஐலாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு மேலே எழுத வேண்டும். பொறுமை இல்லை. நலம்தான், பயப்படாதே.

ரோமிங்கை நான் அணைக்கவில்லை.

நேற்றுக் காலை வெயில் சுள்ளென்று இருந்தது. தண்ணீர் மட்டும் ஐஸ். துணி உலர்த்தப் போனவள் ஏரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அக்கரை வந்திருந்தது. 'ஏரி தூக்கியிருக்கும்' என்று ரெய்னோ சொன்னது இதைத்தான். ஐலா, நாற்பது வருடமாக இந்தத் துறையில் நிற்கிறேன், அங்கே வெறும் அடிவானம்தான் பார்த்திருக்கிறேன். நேற்று அந்தக் கோட்டுக்கு மேலே காடு எழுந்து நின்றது. காட்டின் மேல் அதே காடு தலைகீழாக. நடுவில் ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம், அதன் உச்சியில் இன்னொன்று கவிழ்ந்து நின்றது. யாரோ கண்ணாடித் தட்டில் அமெரிக்காவை வைத்து வானத்தில் ஏந்திக்கொண்டிருப்பது போல. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்தேன்.

ஏப்ரன் பையில் போன் ஒலித்தது. 'அமெரிக்காவுக்கு நல்வரவு.'

நீ கேட்டதற்கு இப்போது பதில். சாராவிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அதை நான் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைப்பேன். அவ்வளவுதான். இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து ஏரி மீன்களைக் கணக்கெடுத்தபோது அந்தக் குழுவில் அவளும் இருந்தாள். அந்தக் கணக்கை வைத்துத்தான் ரெய்னோ பிடிக்கலாம் என்றிருந்த அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். பத்து வயதிலிருந்து அவர் படகில் வலை இழுத்த பெண். "ஏரிய எண்ணுறவளுக்கு என் வீட்டுல இடம் இல்ல" என்றார். அவளும் அப்பன் மகள்தானே. மூன்று வருடமாக அக்கரையோடு இருந்துவிட்டாள். நானும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசாமல் இருந்துவிட்டேன்.

நேற்று அவள் எண்ணை அழுத்தினேன். வானத்தில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஹலோ?"

"சாரா, அம்மா பேசறேன்."

எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, நீ எங்க இருக்க? பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்குது!" என்றாள்.

"துறையில இருக்கேன். உங்க கலங்கரை விளக்கம் தலைகீழா நிக்குது."

அவள் வெளியே ஓடினாள். கதவு அடித்துக்கொள்வது கேட்டது. "ஐயோ அம்மா, நம்ம துறைக்குப் பக்கத்துச் செவப்புப் பாறை தெரியுது! அந்தரத்துல நிக்குது!"

தண்ணீரை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் படிந்தால், இரண்டும் சேர்ந்து ஒரு கூரை மாதிரி ஆகிவிடுமாம். வெளிச்சமும் போன் அலையும் அதன் கீழே வழுக்கிக்கொண்டு, வளைந்து வருமாம். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பாதி புரிந்தது. அந்தக் குரல் முழுசாகப் புரிந்தது. காடு மங்கிக் கரையக் கரைய அவள் குரலும் தேய்ந்தது. "அப்பா எப்படி..." என்று கேட்கும்போது அறுந்துவிட்டது.

ரெய்னோவிடம் சொல்லவில்லை. நீயும் எதுவும் எழுதிவிடாதே.

ஹில்க்கா

•

சட்பரி,
ஜூன் 22

அக்கா,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். உட்கார்ந்த பிறகு மறுபடி படித்தேன். அந்த மேலதிகாரிக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. அப்புறம், வேண்டாம், அவருக்கு எதற்கு இது என்று விட்டுவிட்டேன்.

லூன்டெல் பில் இனி என் பாடு. மறுப்புச் சொல்லாதே.

ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில்தான் டாமராக் இருக்கிறதே. ஏரிக்குப் போகும்போது லூன்டெல்லை அத்தான் சட்டைப்பையில் போடு. காரணம் எதுவும் சொல்லாதே. நான் நச்சரிக்கிறேன் என்று சொல். அதை அவர் உடனே நம்புவார்.

உன் உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும்.

ஐலா

•

சட்பரி,
ஜூலை 21

அக்கா,

என் கடிதம் கிடைத்ததா? பதிலே இல்லையே. டாமராக் எண்ணுக்கு அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. லூன்டெல் எண், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்கிறது. டாமராக் கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டு குர்லீனைக் கேட்டு வாங்கிப் பேசினேன். "ஆன்ட்டி போன் ஆன்லதான் இருக்கு மேடம், ஆனா யாரும் எடுக்கல. எனக்கும் கவலையா இருக்கு" என்றாள். ஒரு கம்பெனிக்காரி சொல்கிற வார்த்தையா அது?

இந்த வார இறுதிக்குள் தகவல் வராவிட்டால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஐலா

•

மிச்சிகன் கரை,
சாராவின் வீடு,
ஜூலை 26

என் ஐலாவுக்கு,

மேலே எழுதியிருக்கும் ஊரைப் பார்த்தாயா? சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் நலம். எல்லோரும். நேற்று இரண்டு வார்த்தை போனில் சொன்னேனே, அதற்கு மேல் பேசினால் அழுவேன். அதனால்தான் வைத்துவிட்டேன். எழுதினால் வருகிறது.

போன வாரம் ஒரு நாள் ரெய்னோ வழக்கம்போல விடிந்ததும் தனியாக ஏரிக்குள் போனார். நீ நச்சரிக்கிறாய் என்று சொல்லி லூன்டெல்லைச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். முற்பகலில் மூடுபனி இறங்கியது. துறையின் முனைகூடத் தெரியவில்லை. நடு ஏரியில் அவர் என்ஜின் நின்றுவிட்டது. மின்கலமும் செத்ததால் படகின் வானொலி ஊமை. காற்று அவரைத் தெற்கே தள்ளியது. அந்தப் பக்கம் தண்ணீருக்குள் பாறைத்திட்டு இருப்பது அவருக்குத் தெரியும். தான் எங்கே இருக்கிறோம் என்பதுதான் தெரியாது.

சட்டைக்குள் ஒலி கேட்டிருக்கிறது. 'அமெரிக்காவுக்கு நல்வரவு.'

வீட்டுக்கு அடித்தாராம். நான் புகையறையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. ஐலா, அதை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் அவர் சாராவுக்கு அடித்தார்.

"அம்மா?"

"நான்தான்."

"...அப்பா?"

"என்ஜின் நின்னுடுச்சு."

மூன்று வருடத்துக்குப் பிறகு அப்பனும் மகளும் பேசிய முதல் பேச்சு இது. அவள் அழவில்லையாம். "ஃபில்டரைப் பாத்தியா?" என்று கேட்டாளாம். "பாத்தாச்சு." "மறுபடி பாரு." "எனக்கே சொல்லித்தரியா?" அங்கேயே ஒரு சண்டை.

பிறகு அவள், "அப்பா, ஆழம் பாக்குற ஈயக்குண்டுக் கயிறு இருக்கா? அடியில கொஞ்சம் கிரீஸ் தடவி எறக்கு. எத்தன பாகம் ஆழம் போகுது, என்ன ஒட்டிக்கிட்டு வருதுன்னு சொல்லு" என்றாள். அவர் இறக்கினார். ஆழத்தைச் சொன்னார். "செவப்புக் களிமண்ணு, நடுநடுவுல கருப்புக் கூழாங்கல்லு." அவள் தன் மேசையில் ஏரித் தரையின் படத்தை விரித்து வைத்திருக்கிறாள். மீன் எங்கே முட்டையிடுகிறது என்று கணக்கெடுக்க, அந்தத் தரையைச் சாண் சாணாகத் தடவிப் பார்த்தவர்கள் அவர்கள். "கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவ எறக்கு." இறக்கினார். "இப்ப வெறும் கூழாங்கல்லு." "அப்பா, நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நங்கூரத்தப் போடு, இப்பவே போடு. நான் வரேன்."

ஆய்வுப் படகை எடுத்துக்கொண்டு இரண்டு பேரோடு வந்தாள். மூடுபனிக்குள் அவள் ஊதுகுழல் ஊத, இவர் வாளியைத் தட்ட, படகும் படகும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. பாறைத்திட்டு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்ததாம். அலை அதில் உடைகிற சத்தம் நன்றாகக் கேட்டது என்று ரெய்னோ என்னிடம் மட்டும் சொன்னார்.

சாயங்காலம் ஜன்னலில் போன் அடித்தது. "அம்மா, பதறாத. அப்பா இங்க இருக்காரு. சூப் குடிச்சிக்கிட்டு, உப்பு போதலன்னு சொல்றாரு." கதவைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. போனை ஜெரேனியத்துக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, ஏரியைச் சுற்றி, எல்லைப் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டேன். பாலத்துக் காவலர், "என்ன விஷயமா போறீங்க?" என்றார். "என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட் இல்லாம உங்க நாட்டுக்குள்ள வந்துட்டாரு, அதக் கொண்டுவந்திருக்கேன்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். அவர்களிடம் சாரா முன்பே எல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

இங்கே வந்ததும் அவரைத் தனியாகக் கேட்டேன். "அவசர நம்பர் இருக்கே, அதுக்கு ஏன் அடிக்கல?"

"என்ஜின் நின்னதெல்லாம் ஒரு அவசரமா?"

"சாரா நம்பர் எப்படித் தெரியும்? நீங்கதான் அந்தப் பேரையே எடுக்க மாட்டீங்களே."

வெகுநேரம் தோளைத் தடவிக்கொண்டிருந்தார். "காபி அலமாரி கதவுக்குப் பின்னால நீ எழுதி ஒட்டியிருக்க. மூணு வருஷமா தெனமும் காபி போடறது யாரு?" என்றார்.

என்ஜினுக்கு உதிரிபாகம் வரும்வரை இங்கேதான்.

ஹில்க்கா

•

பெப்பிள் கோவ்,
ஆகஸ்ட் 6

ஐலாவுக்கு,

ரெய்னோ எழுதுவது. நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை. உன் அக்கா எழுதச் சொன்னாள்.

இரண்டு கம்பெனியையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி கேட்டாயாம். டாமராக் மலிவு, செடி இருந்தால் வேலை செய்யும். லூன்டெல் விலை அதிகம், அதிலுள்ள ஆட்களுக்கு ஏரி என்றால் என்னவென்று தெரியாது. இரண்டையும் வைத்துக்கொள்கிறோம்.

மீன் கணக்கில் அந்தப் பெண் சொல்வது முழுக்கத் தப்பு இல்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

போன் அனுப்பியதற்கு நன்றி.

ரெய்னோ

•

பெப்பிள் கோவ்,
ஆகஸ்ட் 18

என் ஐலாவுக்கு,

உன் முழங்கால் இப்போது தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. நாங்கள் சுகம், பசியும் தூக்கமும் சரியாக இருக்கின்றன.

குர்லீன் கூப்பிட்டாள். எங்கள் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, அந்த லூன்டெல் பில்லைப் பத்தி நீங்க புகார் குடுக்கலாம், எப்படின்னு நான் சொல்லித்தரேன்" என்றாள். போட்டிக் கம்பெனியின் பில்லுக்கு! "வேண்டாம்மா, இந்தத் தடவ நெஜமாவே அமெரிக்கா போயிட்டாரு" என்றேன்.

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஏரி தூக்கியிருந்தது. இந்தப் பருவத்தில் அது அபூர்வம். நான் பார்ப்பதற்குள் ரெய்னோ துறையின் முனைக்குப் போய்விட்டார், காதில் போனோடு. நான் பின்னால் போய் நின்றேன். அக்கரைக் காடு வெளிச்சத்தில் மிதந்தது, மெல்ல நீண்டது, சுருங்கியது, உயிருள்ளதைப் போல. இத்தனை வயதுக்குப் பிறகும், மறுபடி பார்க்கும்போதும், வாய் திறந்து பார்க்க மட்டும்தான் முடிகிறது.

போனில் சாராவின் குரல் எனக்கும் கேட்டது. "அப்பா, நான் கலங்கரை விளக்கத்துக்குக் கீழ கரையில நிக்கறேன். ரெண்டு கையையும் ஆட்டறேன். தெரியுதா?"

எப்படித் தெரியும் ஐலா? நடுவில் ஒரு கடலளவு தண்ணீர். கலங்கரை விளக்கமே ஒரு அரிசி அளவுக்குத்தான் தெரிகிறது.

"தெரியுது" என்றார் ரெய்னோ.

தொப்பியைக் கழற்றி, வலிக்கிற தோளோடு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஆட்டினார். காடு கரைந்து, வெறும் அடிவானம் திரும்பி வந்து, போனில் சத்தம் நின்ற பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

உன்,
ஹில்க்கா